தரவைக்கு வரும் விருந்தாளிகள்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், பறவை பார்க்கும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச அழைத்தால் பாடசாலையின் வரலாற்றைப் பேசுவதுதான் வழக்கம். அதை எங்களிலும் நன்றாக அறிந்தவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது வேறு. "கமராவையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் தரவை தரவையாகத் திரிகிறீர்களே, அங்கே அப்படி என்னத்தைப் பார்க்கிறீர்கள்? அதைச் சொல்லுங்கோ" என்றார்கள்.

நாங்கள் ஆறு பேர். இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருவர் தாதி, ஒருவர் வங்கியில் வேலை, இருவர் வீட்டோடு இருப்பவர்கள். விலங்கியல் பட்டம் பெற்றவர் எங்களில் ஒருவருமில்லை. ஆகவே இதை ஆராய்ச்சி உரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்த்ததைச் சொல்கிறோம். கடைசியில் உங்களிடம், முக்கியமாக வெளிநாட்டில் இருக்கும் உங்களிடம், ஒரு வேண்டுகோளும் உண்டு.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே எங்கள் வேலை தொடங்கிவிடும். இரு பக்கமும் முழங்காலளவு ஆழமான சிறுகடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரவையும் கடலுமாக மாறி மாறி வரும். நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் இருந்து ஆயிரம் தரம் பார்த்த நிலம். "ஒன்றுமில்லாத வெறும் தரவை" என்றுதான் பார்த்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்து வாடைக் காற்றும் தொடங்கிய பிறகு அதே இடத்தில் இறங்கி நின்று பாருங்கள்.

மாரி வெள்ளம் தரவையில் ஏறி நிற்கும்போது உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கின்றன. அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசியும், சிறு கூனி இறால்களும், புழுக்களும், நத்தைகளும் பெருகுகின்றன. அதுதான் பந்தி. பந்தியில் யாருக்கு எந்த இடம் என்பதை அலகும் காலும் தீர்மானிக்கின்றன. பூநாரை நீண்ட காலால் ஆழத்துக்குப் போய், தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டும். கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் கண்மட்டும் இறக்கும். பவளக்காலி கொஞ்சம் மேட்டுப் பக்கம் நிற்கும். கட்டை அலகுள்ள உப்புக்கொத்தி ஈரமணலில் ஓடி ஓடிப் பொறுக்கும். ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் நடுத் தண்ணீரில் கூட்டமாக மிதக்கும். தை, மாசியில் தண்ணீர் வற்ற வற்றப் பந்தியும் இடம் மாறும், பறவைகளும் அதோடு மாறும். பங்குனி, சித்திரையில் பெரும்பாலானவை போய்விடும். பிறகு சோளகம்.

இவை எங்கிருந்து வருகின்றன? பூநாரைகள் இலங்கையில் கூடு கட்டுவதில்லை. குஜராத்தின் கச்சுப் பாலையிலே அவை ஆயிரக்கணக்கில் கூடி மண்ணால் மேடை அமைத்து முட்டையிடுகின்றன. வாத்துகளும் மூக்கன்களும் இமயத்துக்கும் அப்பால், மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை. இந்த வான்வழிக்கு மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று பெயர். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அந்தப் பாதை தெற்கே வந்து முடியும் இடத்தில் நாங்கள் இருக்கிறோம். எங்களுக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை வேறு பெருநிலம் கிடையாது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து முதுகில் சிறிய ஜீ.பி.எஸ். கருவி பூட்டி விட்ட கடற்பறவை ரஷ்யாவின் ஆர்ட்டிக் கரை வரைக்கும் போனது. தீவகத்திலும் சிலவேளை காணக்கூடிய பட்டைவால் மூக்கனின் உறவினர் ஒன்று, 2007ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீற்றருக்கும் கூடுதலான தூரத்தை எட்டு நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. விமானத்தில் இடையிலே துபாயில் இறங்கியும் "இடுப்பு விட்டுப் போச்சு" என்கிற எங்களுக்கு அது ஒரு பாடம்.

குளிர்காலத்தில் வருபவை மட்டுமல்ல, ஆண்டு முழுதும் எங்களோடு இருப்பவையும் கவனிக்கத் தக்கவை. கௌதாரி, கரிக்குருவி போன்றவற்றை வடக்கில் நாங்கள் சாதாரணமாகக் காண்கிறோம். நீண்டவால் கீச்சானைப் பார்க்கத் தென்னிலங்கைப் பறவை ஆர்வலர்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்கள். பனங்காடை பட்ட பனையின் பொந்திலே குஞ்சு பொரிக்கிறது. பனை உழவாரன் என்ற சிறிய பறவை, தொங்கும் காவோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு அமைக்கிறது. பட்ட பனையையும் காவோலையையும் "குப்பை" என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு இதை முதலில் கண்டபோது வாய் அடைத்துப்போனது.

இங்கே உங்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது பெயர் முத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்கர் லேயார்ட் என்ற ஆங்கில உத்தியோகத்தர் பருத்தித்துறையில் இருந்தார். பறவைகளைச் சேகரித்து ஆராய்ந்தவர் அவர். அவரிடம் வேலை செய்த முத்து என்பவர் ஒருநாள் ஒரு சிறிய பழுப்பு நிற ஈப்பிடிப்பானைக் கொண்டுவந்து கொடுத்தார். அறிவியலுக்கு அது புதிய பறவை. லேயார்ட் 1854இல் அதைப் பதிவு செய்தபோது முத்துவின் பெயரையே அதற்கு வைத்தார். உலகம் முழுவதும் பறவை நூல்களில் அந்த ஈப்பிடிப்பானின் இலத்தீன் பெயர் இன்றைக்கும் 'மஸ்சிகாபா முத்துவி' தான். வடகிழக்கு இந்தியாவிலும் தென் சீனாவிலும் கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இலங்கைக்கு வரும் பறவை அது. முத்து எழுதிய நூல் எதுவுமில்லை. பார்த்ததை அலட்சியம் செய்யாமல் கொண்டுபோய்க் காட்டினார், அவ்வளவுதான்.

இரண்டாவது பெயர் ஆனி ஜாக்சன். எங்கள் கடற்கரைகளில் சிட்டுக்குருவி அளவேயான, மணல் நிறமான உப்புக்கொத்தி ஒன்று ஓடித் திரியும். அது தனி வகை என்று 1915இல் இருவர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஆனி ஜாக்சன் என்ற பெண். பறவையியல் ஆண்களின் துறையாகவே இருந்த காலம் அது. பிறகு வந்தவர்கள், ஐரோப்பா வரை பரந்திருக்கும் வேறொரு உப்புக்கொத்தியோடு இதைச் சேர்த்துவிட்டார்கள். இலங்கை ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து இறகு, அளவு, மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய தனி இனம் என்று 2023இல் நிறுவினார்கள். கடலின் இரு கரைக்கும் உரிய பறவை என்பதால் அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரும் கிடைத்தது. நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து ஆனி ஜாக்சன் பார்த்தது சரியென்று ஆயிற்று. அந்தப் பறவை வெறும் மணலில் ஒரு சிரட்டையளவு பள்ளத்தில் முட்டையிடுகிறது. முட்டை பார்ப்பதற்குச் சிறு கல்லைப் போல இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கண்ணில் அது படாது.

இனி நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் படகுப் பயணம். பவளக்கல் வேலிகளும், ஒல்லாந்தர் கட்டிய புறாக்கூடும், பெருக்குமரமும், குதிரைகளும் எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூன் மாதம் வர்த்தமானி மூலம் நெடுந்தீவில் 1,846 ஹெக்டெயர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது பலருக்குத் தெரியாது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. அதே நாளில்தான் முன்பு பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளமும் தேசியப் பூங்காவாயிற்று. நெடுந்தீவின் புல்வெளியில் குதிரைகளின் காலடியில் உண்ணிக்கொக்குகள் நடந்து பூச்சி பொறுக்கும். குதிரை அடியெடுத்து வைக்கப் புல்லிலிருந்து வெட்டுக்கிளி கிளம்பும், கொக்கு கொத்தும். புறாக்கூட்டைப் பார்க்க வருபவர்கள் அரை மணி நேரம் கூட நின்று புல்வெளியையும் பார்த்தால் நல்லது.

நயினாதீவுப் பாதையிலே பறவை பார்க்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மனுக்குப் பூக்கொண்டு போன நாகம், கருடனுக்கு அஞ்சிக் கல்லைச் சுற்றிக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். படகிலே போகும் அம்மாமார் வானத்தில் செம்பருந்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கருடனைக் கும்பிடும் அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் பறக்கும் ஆலாவையும் காட்டிக்கொடுத்தால் போதும்.

வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறவையைத் தேடிப் போய், அது வராத நேரத்தில் பற்றையைப் பார்த்து நிற்கும்போது இவற்றோடு பழக்கமானோம். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் தன் பிள்ளைக்கு என்று குறித்த செடியைத் தேடித்தான் முட்டையிடும். வேறு இலையைப் புழு தின்னாது. கறிவேப்பிலையிலும் தேசியிலும் தோடையிலும் பறவை எச்சம் போலக் கிடக்கும் புழுவைத் தட்டிவிட்டிருப்பீர்கள். அதுதான் கறிவேப்பிலை அழகியாகவோ எலுமிச்சை அழகியாகவோ மாறப்போகும் பிள்ளை. எருக்கலை இலையில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட புழு, வெந்தய வரியனுடையது. எருக்கலைப் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தீண்டா. ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் சிவப்புடல் அழகியும் அப்படித்தான். கறுப்புச் சிறகும் சிவப்பு உடலுமான அந்தப் பூச்சி கூட்டமாகப் பாக்குநீரிணையைக் கடந்து போவதையும் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவரசில் வெளிர்மஞ்சள் பூச்சிகள் வளரும். கரையோர உகாய் மரத்தை நம்பி, வரண்ட வடபகுதிக்கே உரிய இளஞ்சிவப்புப் பூச்சி ஒன்று வாழ்கிறது. இந்தப் பெயர்களில் பல தமிழ்நாட்டு ஆர்வலர்கள் அண்மைக் காலத்தில் வைத்தவை. 2019இல் தமிழ்நாடு 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியைத் தன் மாநிலப் பூச்சியாக அறிவித்ததும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். எங்கள் அம்மம்மாமாரிடம் பறவைகளுக்குப் பெயர் இருந்தது. புலுனி, செண்பகம், குக்குறுவான், ஆட்காட்டி எல்லாம் அவர்களிடம் கேட்டவை. வண்ணத்துப்பூச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் ஏதும் உங்கள் வீடுகளில் வழங்கினால் தயவுசெய்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

படம் எடுப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாங்கள் கண்டுகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். ஒன்பது மணிக்குப் பிறகு தரவையில் கானல் எழும்பும், எவ்வளவு விலையான லென்ஸும் அப்போது உதவாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பறவையை நோக்கி நேராக நடக்கக் கூடாது. குந்தியிருந்தால் அதுவே கிட்ட வரும். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது ஒளியை ஒரு படி குறைத்து வைத்தால்தான் இறகு தெரியும், இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பறக்கும் பறவைக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். வண்ணத்துப்பூச்சி காலை வெயிலில் சிறகை விரித்துக் காயும்போது கைத்தொலைபேசியாலேயே எடுக்கலாம். சிறகை மூடியபின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுக்க வேண்டும், இனங்காண்பதற்குப் பலவேளை அடிப்பக்கமே உதவும்.

கூட்டைப் படம் எடுப்பதில்லை என்பது எங்களுக்குள் உள்ள கட்டுப்பாடு. தாய்ப் பறவை எழும்பினால் வெயிலில் முட்டை அவிந்துவிடும். எங்கள் காலடியைப் பார்த்துக் காகமும் நாயும் வரும். பறக்கிற படம் வேண்டுமென்று கூட்டத்தைக் கலைப்பதுமில்லை. 8,000 கிலோமீற்றர் திரும்பிப் போக வேண்டிய பறவை ஒவ்வொரு முறை கலைந்து பறக்கும்போதும், சேர்த்த கொழுப்பிலே கொஞ்சத்தை எங்களுக்காகச் செலவழிக்கிறது.

எடுத்த படத்தோடு நாள், நேரம், இடம், எத்தனை பறவை என்பதையும் கொப்பியிலே எழுதுகிறோம். "அழகான நாரை" என்று சுவரில் மாட்டுவதற்கு நாள் தேவையில்லை. ஆனால் இந்தத் தரவையில் இந்த மாதத்தில் இத்தனை நாரைகள் நின்றன என்று நாளைக்கு யாரும் ஓர் அலுவலகத்தில் சொல்ல வேண்டி வந்தால், நாள் குறித்த படம்தான் பேசும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகள் எங்கும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். இலங்கையில் 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைகள் கழகம் அதை நடத்தி வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவும் பயிற்சி கொடுக்கிறது. எங்கள் ஊர்ப் பறவைகளை எண்ண வெளியூரவர்தான் வர வேண்டும் என்றில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் எண்ணத் தெரியும்.

இனி அந்த வேண்டுகோள்.

1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனங்கள் பெரும்பகுதியாக இடம்பெயர்ந்ததை இங்கே விளக்கத் தேவையில்லை. இருந்த வீடுகள் இடிந்தன, வளவுகளில் பற்றை மண்டியது. அந்தக் காணிகளின் உறுதிகள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிட்னியிலும் உங்கள் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன. சட்டப்படி அறிவித்த பூங்கா நெடுந்தீவிலே இருக்கிறது. ஆனால் வேலணையிலும் புங்குடுதீவிலும் சரவணையிலும் அனலைதீவிலும் பறவைகளும் பூச்சிகளும் அண்டியிருக்கும் நிலத்தில் பெரும் பங்கு உங்கள் காணி, அல்லது உங்கள் காணியை ஒட்டிய தரவை.

நீங்கள் ஊருக்கு வருவதற்கு முதல் தொலைபேசியில் சொல்லுகிறீர்கள்: "காணியை ஒருக்கால் துப்புரவாக்கி விடுங்கோ." நியாயமான ஆசைதான். எல்லை தெரிய வேண்டும், பாம்பு பூச்சி இருக்கக் கூடாது, வந்தால் நிற்க இடம் வேண்டும். ஆனால் இப்போது துப்புரவாக்க வருவது கத்தியும் மண்வெட்டியும் அல்ல, பெக்கோ. ஒரு பகல் பொழுதிலே எருக்கலையும் ஆவரசும் உகாயும் வடலியும் வேரோடு போய்விடுகின்றன. தோண்டிய மண்ணையும் கல்லையும் கொண்டுபோய்ப் பக்கத்துப் பள்ளத்தில், பழைய கேணியில், தரவையின் ஓரத்தில் கொட்டுகிறார்கள். நிலம் மட்டமாகிவிடும், படம் எடுத்து அனுப்பினால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும்.

இது பறவைக்கு மட்டும் வந்த கேடு அல்ல. தீவகத்தில் ஆறு கிடையாது. நிலத்தடியில் சுண்ணாம்புக் கல். மாரி மழை பள்ளங்களிலும் குளங்களிலும் தரவையிலும் தேங்கி மெல்ல இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலம் போல நன்னீராக நிற்கிறது. எங்கள் நல்ல தண்ணீர்க் கிணறுகள் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. பள்ளத்தை நிரப்பினால் மழைநீர் இறங்க இடமின்றிக் கடலுக்கு ஓடிவிடும், படலம் மெலியும், கிணறு உவர்க்கும். தண்ணீர் வாங்கிக் குடிக்கும் அலுப்பு என்னவென்று தீவகத்தில் பிறந்த பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பறவை இறங்குகிற பள்ளம்தான் கிணற்றுக்கும் நீர் கொடுக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். காணியைத் துப்புரவாக்குங்கள், வீடு கட்டுங்கள், வந்து இருங்கள்; நீங்கள் வருவதைவிட எங்களுக்கு மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் சொல்லும்போது இன்னும் இரண்டு வசனம் கூடச் சொல்லுங்கள். "பள்ளத்தையும் கேணியையும் நிரப்ப வேண்டாம். வேலியோரத்தில் இருக்கிற எருக்கலையையும் ஆவரசையும் விட்டுவிடுங்கோ." பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் நிலத்தில் முட்டையிடும் காலத்தில் கரையோரக் காணிகளில் இயந்திரம் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத உதவி இது.

பாடசாலைக்கும் ஒன்று கேட்கிறோம். அதிபர் அவர்கள் இணங்கினால், இந்த நூற்றாண்டில் ஒரு பறவைக் கொப்பியைத் தொடங்குவோம். வாரம் ஒரு முறை, அதே இடத்தில் நின்று, அரை மணி நேரம். கண்டது, எண்ணிக்கை, நாள், எழுதியவர் பெயர். அதற்கு வேண்டிய இரண்டு தொலைநோக்கிகளை எங்கள் குழு வாங்கித் தரும். ஆண்டு முடிவில் கொப்பி நூலகத்துக்குப் போகட்டும். பத்து ஆண்டு தொடர்ந்தால் தீவகத்தில் வேறு எவரிடமும் இல்லாத பதிவு எங்கள் பிள்ளைகளிடம் இருக்கும். முத்துவின் பெயரை எழுதுவதற்கு ஒரு லேயார்ட் தேவைப்பட்டார். இந்தப் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, நீங்கள் இருக்கும் நாடுகளிலும் குளங்கள் உண்டு. ஆவணி, புரட்டாதியில் அங்கிருந்து கூட்டமாகக் கிளம்பும் பறவைகளை அண்ணாந்து பார்த்து நாளைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். இங்கே முதலாவது கூட்டம் இறங்கிய நாளை நாங்கள் உங்களுக்கு எழுதுகிறோம்.

மாரியில் ஊருக்கு வருபவர்கள் ஒரு நாள் விடியற்காலையை எங்களுக்குத் தாருங்கள். தேத்தண்ணியும் பணியாரமும் எங்கள் பொறுப்பு. தொப்பியும், சேறு பட்டாலும் பரவாயில்லாத செருப்பும் உங்கள் பொறுப்பு. எங்கள் சங்கம் இன்னும் ஒரு நூற்றாண்டு தழைக்கட்டும்.